வெயிலடிச்சா விமானம் பறக்காதா?

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாதம், லே விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் வரவேண்டிய விமானம் தாமதமாகித் தாமதமாகி, கடைசியில் ‘இன்றைக்கு இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்தேன்.

“மழையால?”

“இல்லப்பா, நல்ல வெயில். வெயில் ஏறிட்டா இங்க விட மாட்டாங்களாம்.”

“வெயிலடிச்சா பிளேன் பறக்காதா? என்னல கத வுடுத?”

பொறியியல் படித்தவன்தான் நான். சூத்திரம் மனதில் இருந்தது, ஆனால் போனில் அப்பாவுக்குச் சொல்லும்படியான ஒரு வாக்கியம் வரவில்லை. அந்த வாக்கியத்தைத் தேடித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வட்டாரத்தில் பஞ்சபூதத் தலங்கள் என்று ஐந்து கோயில்களைச் சொல்வார்கள். சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், எங்கள் ஊர் பால்வண்ணநாதர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். நெருப்புக்கும் காற்றுக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். விமானத்துக்குள்ள வழக்கும் இந்த இரண்டோடுதான்.

காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.225 கிலோ. மேலே போகப் போக அது மெலியும் என்பதை 1648லேயே பார்த்துவிட்டார்கள். பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்காள் கணவர் பெரியே, பாதரசக் குழாயோடு பிரான்சின் புய் தெ தோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் இறங்கி நின்றது. அதே மாதிரி, சூடானாலும் காற்று விரிந்து மெலிகிறது. கடல் மட்டத்தில் 15 டிகிரி 40 டிகிரி ஆனால் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். எங்கள் ஊர் மே மாத மதியம் அப்படிப்பட்டது. ஈரப்பதமும் காற்றைக் கனமாக்காது, லேசாக்கவே செய்யும். நீராவி மூலக்கூறு, காற்றின் சராசரி மூலக்கூறைவிட எடை குறைந்தது.

இறக்கை காற்றைக் கீழே தள்ளித்தான் விமானத்தை மேலே நிறுத்துகிறது. தள்ளுவதற்குக் காற்று குறைவாக இருந்தால் வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். வேகம் கூட்ட எஞ்சின் வேண்டும். எஞ்சினுக்கும் அதே மெலிந்த காற்றுதான் கிடைக்கிறது. ஆக அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

லே விமான நிலையத்தின் உயரம் 3,256 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வெப்பம் 25 டிகிரி ஆகிவிட்டால் அடர்த்தி சுமார் 65 சதவீதத்துக்கு இறங்குகிறது. விமானத்தைப் பொறுத்தவரை அது 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓடுபாதை. கடல் மட்டத்தில் எழும்பத் தேவையான வேகத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் வேகம் வேண்டும். இதில் ஒரு வினோதம், விமானியின் வேகமானி இதைக் காட்டாது. அது காற்று மோதும் அழுத்தத்தை அளப்பதால் வழக்கமான எண்ணையே சொல்லும். தரை மட்டும் சர்ரென்று ஓடும். இறங்கும்போது பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு 1948ஐ யோசித்துப் பாருங்கள். காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிதி சந்த் என்ற ராணுவ அதிகாரி, சுமார் நாற்பது பேரோடு பனிக்காலத்தில் ஸோஜி லா கணவாயைக் கடந்து லே போய்ச் சேர்ந்திருந்தார். கூடவே போனவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு. உள்ளூர் ஆட்களை வைத்து சிந்து நதிப் பக்கம் ஒரு மண் ஓடுபாதை அமைத்தார். மே மாதத்தில் கார்கிலும் கைவிட்டுப் போனது. லேவுக்குப் படை அனுப்ப வான்வழிதான் நம்பிக்கை. அந்த வழியில் அதுவரை எந்த விமானமும் இறங்கியதில்லை.

1948 மே 24. ஏர் கமடோர் மெஹர் சிங், ஒரு டகோட்டாவில் மேஜர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு, இமயத்தொடர்களைத் தாண்டி அந்த மண் பாதையில் இறங்கினார். கேபினில் அழுத்தம் காக்கும் வசதி இல்லாத விமானம் அது. இறங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. அதே மெலிந்த காற்றில் திரும்ப எழும்பவும் வேண்டும். எழும்பாவிட்டால் ஒரு தளபதியும் விமானமும் லேவிலேயே மாட்டிக்கொள்ளும், பின்னால் யாரையும் அனுப்ப முடியாது. எழும்பியது. அதற்குப் பிறகுதான் கூர்க்கா வீரர்கள் விமானங்களில் வந்து இறங்கினார்கள். லே விழவில்லை.

இன்றைய ஜெட் எஞ்சின்கள் எவ்வளவோ வலுவானவை. ஆனாலும் காற்றிடம் பேரம் பேச முடியாது. 2017 ஜூனில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பம் 48 டிகிரியை ஒட்டியபோது, சிறிய ஜெட் விமானங்கள் பலவற்றை ரத்து செய்தார்கள். அந்த வெப்பத்துக்கு மேல் பறக்க அவற்றுக்கு அனுமதியே இல்லை. லேவில் காலையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். மதியம் பள்ளத்தாக்கில் காற்றும் கிளம்பிவிடும், அது தனித் தொல்லை. நேரம் தப்பினால் எடையைக் குறைக்க வேண்டும். எடை என்றால் பெட்டி, பயணி.

மறுநாள் விடிந்தும் விடியாத குளிரில் கிளம்பினோம். ஓடுபாதையில் விமானம் ஓடிக்கொண்டே இருந்தது. வழக்கத்தைவிட ஒரு நாலைந்து மூச்சு அதிகம். ஜன்னல் வழியாகத் தரை விலகும்வரை கைப்பிடியை விடவில்லை. டெல்லி வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

“குளிர்ந்த காத்து கனம்ப்பா. அதான் பிளேனுக்குப் பிடிமானம். வெயில் ஏறுனா காத்து மெலிஞ்சு போவும்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்ப சரி,” என்றார். “நேத்தே இப்பிடிச் சொல்லியிருக்கலாம்லா?”