பம்மல் தந்த நகைச்சுவை: ‘சபாபதி’யின் நெடுவாழ்வு

தென்சென்னைப் புறநகரின் ஊர்ப்பெயர்களுள் பல்லாவரத்தைத் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைநிறுத்தியவர் மறைமலையடிகள். கிறித்தவக் கல்லூரிப் பணியை விட்டு 1911இல் அங்குக் குடியேறிய அடிகள், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். பல்லாவரத்துக்கு அணித்தே உள்ள பம்மலின் பெயரை நாடறியச் செய்தவரோ முற்றிலும் வேறு வகையினர். வீட்டுக் கூடத்திலும் திண்ணையிலும் பேசும் தமிழைக் கூச்சமின்றி மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியார் (1873-1964) அவர். அண்டை ஊர்கள் இரண்டும் தமிழ் நடையின் இரு எல்லைகளுக்குப் பெயர் கொடுத்தமை ஒரு சுவையான தற்செயல். அடிகளின் தமிழை அறிஞர் போற்றினர். சம்பந்த முதலியார் படைத்த அசட்டு வேலைக்காரனையோ, படைத்தவர் பெயரையே அறியாத மக்கள் இன்றும் நினைத்துச் சிரிக்கின்றனர்.

ஆங்கில நாடகங்களில் தோய்ந்து, தமிழ் நாடகம் என்றாலே இளமையில் வெறுப்புக் கொண்டிருந்தவர் சம்பந்தம். பல்லாரியிலிருந்து வந்த சரச விநோதினி சபையாரின் நாடகங்கள் அவர் மனத்தை மாற்றின. 1891இல் அவரும் நண்பர்களும் சுகுண விலாச சபையை நிறுவினர். அதன் பின்னரே வழக்கறிஞரும் அலுவலரும் கூத்தாடி என்னும் வசைக்கு அஞ்சாமல் அரிதாரம் பூசலாயினர். சத்தியமூர்த்தியும் அச்சபையின் மேடையில் நடித்தவரே. பாட்டே நாடகமாயிருந்த காலத்தில் உரையாடலை முதன்மையாக்கியது முதலியாரின் பெரும்பணி. ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கியவர், ‘மனோகரா’வை எழுதியவர் என்றே இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. அவர்தம் பிரகசனங்களுக்கு அந்நூல்களில் ஓரிரு வரிகள் கிடைத்தாலே மிகுதி. அழுகையைக் காவியமென்றும் சிரிப்பைக் கேளிக்கையென்றும் பிரித்து வைத்த பழக்கம் நம் ஆய்வுலகை இன்னும் விட்டபாடில்லை.

‘சபாபதி’ அத்தகைய பிரகசனம். செல்வர் வீட்டு ஒரே பிள்ளை, படிப்பு ஏறாது. அவன் பெயர் சபாபதி. வேலைக்காரன் பெயரும் சபாபதி. இந்தப் பெயர்ப் பொருத்தத்திலேயே நாடகத்தின் பாதி அடங்கிவிடுகிறது. பாத்திரத்தின்மேல் ஆசிரியருக்கே தீராப் பற்று இருந்தது போலும். ஒரு நாடகத்தோடு நிறுத்தாமல் அவனை மீண்டும் மீண்டும் அழைத்து வந்தார். ‘சபாபதி முதலியாரும் பேசும் படமும்’ என்றுகூட ஒன்று எழுதினார்.

பேசும் படம் சபாபதியைத் தேடி வந்தது 1941 டிசம்பரில். ஏ.வி. மெய்யப்பனும் ஏ.டி. கிருஷ்ணசாமியும் இணைந்து இயக்கினர். எசமான் சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம், அவன் காதலியாகச் சி.டி. ராஜகாந்தம், நாயகியாகச் சோப்பு விளம்பரத்தால் ‘லக்ஸ்’ என்னும் அடைபெற்ற பத்மா. தமிழாசிரியர் வேடம் கே. சாரங்கபாணிக்கு. வகுப்பறையில் அவர் படும் பாட்டைக் கண்டு இத்தனை ஆண்டுகளாகத் தமிழாசிரியர்களே சிரித்து வருகின்றனர் என்பது எண்ணத்தக்கது. ஜப்பான் போரில் இறங்கிய மாதம் அது. அடுத்த சில திங்களில் குண்டு விழுமென்னும் அச்சத்தால் சென்னை நகரமே ஏறக்குறையக் காலியாயிற்று. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. பட்டணத்துக் கொட்டகை புறநகர் மக்களுக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது. அஞ்சிய நாட்களிலும் சிரிக்க ஒரு படம் இருந்தது.

அப்படத்தில் யாவரும் நினைவுகூர்வது சோடாக் காட்சி. சோடாவை உடைத்துக் கொண்டு வரும்படி எசமான் ஏவுகிறான். வேலைக்காரன் புட்டியையே உடைத்துவிடுகிறான். இதைப் பிறமொழியில் சொன்னால் சிரிப்பு வராது. கழுத்தில் கோலி அடைத்த சோடாப் புட்டியைத் திறப்பதற்குத் தமிழன் வழங்கிய சொல் ‘உடைத்தல்’. கோலியை உள்ளே தள்ளுவதும் உடைத்தலே. புட்டியை நொறுக்குவதும் உடைத்தலே. நகை பிறப்பது நடிகரின் முகக்கோணலால் மட்டுமன்று. தமிழ் வினைச்சொல் ஒன்றின் இருபொருளால். சிலேடை பாடிய காளமேகத்தின் மரபு இங்கே அடுக்களை வாயிலில் வந்து நிற்கிறது. கோலி சோடா அருகிய பின்பும் அந்நகை அருகவில்லை. காட்சியை விளக்கிச் சொல்ல வீட்டில் ஒரு பாட்டி போதும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் களன்களாக நான்கைச் சொன்னார். எள்ளலும் இளமையும் நிற்க, ஏனைய பேதைமை, மடன் என்னும் இரண்டுக்கும் பேராசிரியர் காட்டும் வேறுபாடு நுட்பமானது. கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்வது பேதைமை. பிறர் கொளுத்தக் கொண்டதை விடாமை மடன். இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவன் வேலைக்கார சபாபதி. சொல்லை அவன் அப்படியே நம்புகிறான். நம்பியதை விடுவதும் இல்லை. அவனுக்கு முன்னோரும் உளர். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவுக்கு வாய்த்த சீடர்கள் அவ்வினத்தினரே. குதிரையிலிருந்து விழுவதையெல்லாம் எடுக்க வேண்டும் என்றதும் சாணத்தை எடுத்தவர்கள். எடுக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்த பின், குரு விழுந்தபோது பட்டியலில் அவர் இல்லையே என்று நின்றவர்கள். இத்தாலிய மேடையின் ஆர்லெக்கினோவும் இவர்களுக்கு உறவினனே. ஆயினும் சபாபதியின் வேரை அவ்வளவு தொலைவில் தேட வேண்டியதில்லை.

வேலைக்காரனைக் கண்டு சிரிப்பது எளியோரை எள்ளுவதாகாதா என்னும் வினா நேர்மையானது. படத்தை ஊன்றிப் பார்ப்போர்க்கு விடை படத்திலேயே கிடைக்கும். அறிவில் எசமான் சபாபதி வேலைக்காரனுக்கு எவ்வகையிலும் மேம்பட்டவனல்லன். ஒருவனுக்குச் செல்வம் இருக்கிறது, ஒருவனுக்கு இல்லை, வேறுபாடு அவ்வளவே. இருவர்க்கும் ஒரே பெயரை இட்டவர் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவரும் ஆவார். அவர் அறியாமல் இட்டிருக்க முடியாது. இதனினும் கூர்மையானது நாயகியின் பாத்திரம். கணவனினும் படித்தவளாகிய சிவகாமி அவனை உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தேறச் செய்கிறாள். 1941இல் மனைவி ஆசிரியையாகவும் கணவன் மாணவனாகவும் திரையில் அமர்ந்தது சிறிய செய்தியன்று. மேற்கோள் காட்டுவோர் சோடாவை நினைக்கின்றனர், சிவகாமியை மறந்துவிடுகின்றனர். மேற்கோளின் இயல்பே அதுதான். அது தனக்கு வேண்டியதை மட்டும் கிள்ளிக்கொண்டு போகும்.

இவ்வகையில் நாவில் நின்ற படங்கள் பின்னரும் வந்தன. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் கதை சொல்ல டி.எஸ். பாலையா நடுங்கும் இடம் ஒன்று. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழம் மற்றொன்று. இரண்டு பழம் வாங்கி வரச் சொன்ன கவுண்டமணியிடம், கையிலுள்ள ஒன்றையே காட்டி மற்றதும் அதுதான் என்று சாதிக்கும் செந்திலின் முகத்தில் காளி என். ரத்தினத்தின் சாயல் தெரியவில்லையா? ஏவியவன் வாய் ஓய்ந்துபோக, ஏவப்பட்டவன் அசையாது நிற்கும் அதே நிலை. சபாபதியின் வழித்தோன்றல்கள் இன்னும் வேலையில்தான் இருக்கின்றனர்.

‘சபாபதி’ கண்முன் இருப்பது ஒரு நற்பேறு. தமிழின் முதற்பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) படத்தின் பிரதி இன்று இல்லை. அக்காலப் படங்கள் பலவற்றின் கதியும் அதுவே. எஞ்சியவற்றுள் ஒரு நகைச்சுவைப் படம் இருக்கிறது, அதுவும் மக்கள் விரும்பிப் பார்க்கும் நிலையில் இருக்கிறது. ஆயினும் நாடகப் புத்தகத்தை எடுத்துப் படிப்போர் எத்தனை பேர்? மேடைக்கென்று எழுதிய பேச்சு நடை ஏட்டில் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கவிஞர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். வினைச்சொல்லை இருபொருள்பட நிறுத்தும் கலை அவர்களுக்கும் உரியதே.

2002 பொங்கலுக்கு மௌலி இயக்கத்தில், கிரேசி மோகன் உரையாடலில், கமல்ஹாசன் நடித்த நகைச்சுவைப் படம் ஒன்று வெளிவந்தது. அதன் பெயர் ‘பம்மல் கே. சம்பந்தம்’. அத்தலைப்பைக் கேட்டுச் சிரித்த இளைஞருட் பலர், அப்பெயரில் மெய்யாகவே ஒருவர் வாழ்ந்தாரென்பதை அறிந்திலர். பம்மல் 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஊர்ப்பெயர் இனிப் பேருந்துப் பலகையிலும் நாடகாசிரியர் பெயரின் முன்னும் இருக்கும். முன்னதைப் படிப்போர் தொகை மிகுதி.