விட்டத்தில் ஒரு புத்தகம்

1923 ஜூலையில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகீ என்ற சிற்றூரின் தெருக்களில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் ஆட்கள் நூற்றுக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர்களுக்கென்று அங்கே அந்த ஆண்டுதான் அரசு மருத்துவமனை திறக்கப்பட்டிருந்தது. நோயாளிகள் கறுப்பர்களாக இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவரும் செவிலியரும் சம்பளக்காரரும் கறுப்பராக இருக்கக் கூடாது என்பதுதான் கிளான்காரர்களின் கட்சி. மிரட்டல் பலிக்கவில்லை.

அடுத்த ஜனவரியில் அந்த மருத்துவமனைக்கு நூலகராக வந்து சேர்ந்தார் சேடி பீட்டர்சன் டெலேனி. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியின் 135ஆம் தெரு கிளை நூலகத்தில் வேலை பார்த்தவர். டஸ்கீகீயில் நூலகம் என்று இருந்தது ஒரு மேசையும் சுமார் 200 புத்தகங்களும்.

நோயாளிக்குப் புத்தகம் கொடுப்பது அப்போது புதுமை அல்ல. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இலேயே, காயம்பட்ட வீரர்களுக்காக லண்டனில் புத்தகங்கள் மலைமலையாகச் சேர்ந்தன. 'பிப்லியோதெரபி' (புத்தகவழிச் சிகிச்சை) என்ற பெயரும் 1916இல் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் வந்துவிட்டது. எழுதியவர் சாமுவேல் குரோதர்ஸ் என்ற பாதிரியார். அது நகைச்சுவைக் கட்டுரை என்பதுதான் வேடிக்கை. மருந்துக்குப் பதில் புத்தகம் எழுதிக்கொடுக்கும் கற்பனை ஆசாமி ஒருவரை வைத்து அவர் கேலி பண்ணியிருந்தார்.

டெலேனி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவர்களோடும் மனநல மருத்துவர்களோடும் உட்கார்ந்து பேசி, எந்த நோயாளிக்கு என்ன தொல்லை என்று கேட்டுக்கொண்டார். பிறகு அந்த ஆளிடமே பேசி, அவருக்கு எதில் ருசி என்று பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் புத்தகம். நூலகத்துக்கு நடந்துவர முடியாதவர்களுக்குத் தள்ளுவண்டியில் வார்டுக்கே புத்தகம் போனது. கையில் பிடித்துப் படிக்கவும் திராணி இல்லாமல் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தவர்களுக்கு, பக்கங்களைப் படவீழ்த்திக் கருவியால் அந்த விட்டத்திலேயே விழச் செய்தார். கறுப்பின மக்களின் வரலாறும் வாழ்க்கைக் கதைகளும் அவருடைய தட்டுகளில் கட்டாயம் இருந்தன. படையில் வெள்ளையரிடமிருந்து பிரித்தே வைக்கப்பட்டு, ஊர் திரும்பியும் பின்வாசல் வழியே நடத்தப்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு ஊசி போடும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இலக்கிய மன்றம், தபால்தலை சேகரிப்புக் குழு, புத்தகம் பைண்டிங் செய்யும் வகுப்பு என்று நூலகம் விரிந்துகொண்டே போனது. யாரோடும் பேசாமல் ஒதுங்கிக் கிடந்த ஒருவரை நாலு பேர் நடுவே உட்காரவைக்கப் புத்தகம் ஒரு சாக்கு. தனிமையில் வாசிப்பதே மருந்து என்று இன்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

அதே டஸ்கீகீ வட்டாரத்தில்தான் 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, கிரந்தி நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், முறையான சிகிச்சையும் தராமல், நோய் முற்றுவதை வேடிக்கை பார்க்கும் ஆய்வைத் தொடங்கியது. அது 40 ஆண்டுகள் நடந்தது. நோயாளியை மனுஷனாக மதித்து அவன் பேச்சைக் கேட்ட நூலகம் எவ்வளவு அபூர்வமானது என்பதை அந்த அக்கம்பக்கத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பார்வை இழந்த வீரர்களுக்கென்று டெலேனி தனிப் பிரிவே தொடங்கினார். பிரெய்ல் அவருக்கு முன்பே தெரியும். தானே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். கற்றுத் தேர்ந்த நோயாளிகள் அடுத்து வந்தவர்களுக்கு ஆசிரியர்களானார்கள். அவருடைய முறையைப் பார்த்துப் படிக்க வெளியூர் நூலகர்கள் டஸ்கீகீக்கு வந்தார்கள். 1950இல் அட்லாண்டா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1958இல் இறக்கும்வரை அவர் அந்த மருத்துவமனையின் நூலகராகவே இருந்தார்.