பழைய பெட்டிக்குள் புதிய வட்டு: எஸ்.எஸ்.டி. வந்த கதை

பத்து வயதான ஒரு மேசைக் கணினி. பட்டனை அழுத்திவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால்கூட அந்தச் சின்ன விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டே இருக்கும். அதே கணினியில் ப்ராசசரை மாற்றவில்லை, மதர்போர்டை மாற்றவில்லை. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிவிட்டு உள்ளங்கை அளவு எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டினால், அரை நிமிடத்தில் வேலைக்குத் தயாராகிவிடுகிறது! கணினியை 'ஸ்லோ' ஆக்கியது எது என்று அப்போதுதான் பலருக்கும் உறைக்கும். குற்றவாளி ஒரு சுற்றும் தட்டு. அதன் கதை 1956-ல் தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற கணினியை வெளியிட்டது. அதனுடன் வந்த 350 என்ற வட்டுப் பெட்டிதான் விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க். இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள், எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கணக்கில் நாலு எம்.பி.கூட இல்லை (செல்போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே போதாது!). தட்டுகள் நிமிடத்துக்கு 1200 முறை சுற்றும். கேட்ட தகவலை எடுத்துக் கொடுக்க அரை நொடிக்கு மேல் ஆகும். ஆனாலும் அன்றைக்கு அது அதிசயம். அதற்கு முன் துளையிட்ட அட்டைகளையும் காந்த நாடாவையும் முதலிலிருந்து வரிசையாகத்தான் புரட்ட வேண்டும். இதிலோ வேண்டிய இடத்துக்கு நேராகத் தாவலாம்.

அடுத்த அரை நூற்றாண்டில் ஹார்ட் டிஸ்க் சிறுத்தது, கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருத்தது. வேகம் மட்டும் வரவில்லை. 1992-ல் சீகேட் நிறுவனம் பராக்குடா என்ற வட்டை நிமிடத்துக்கு 7200 சுற்று வேகத்தில் கொண்டுவந்தது. 2008-ல் கடையில் வாங்கிய சாதாரண மேசைக் கணினியிலும் அதே 7200 சுற்றுதான். அதே பதினாறு ஆண்டுகளில் ப்ராசசர் 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3 கிகாஹெர்ட்ஸுக்கு ஓடிவிட்டது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. நிமிடத்துக்கு 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 8 மில்லி நொடி. மொத்தம் 12 என்று வைத்தால் நொடிக்கு எண்பது தடவைதான் தாவ முடியும். ஒவ்வொரு தாவலிலும் 4 கே.பி. எடுத்தால் நொடிக்கு 320 கே.பி. தேறும். பெட்டியில் '100 எம்.பி. வேகம்' என்று அச்சடித்திருப்பது பொய்யில்லை. ஆனால் ஒரே பெரிய சினிமா ஃபைலைத் தொடர்ச்சியாகப் படித்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். விண்டோஸ் எழுந்து நிற்க வேண்டுமானால் அங்கே ஒன்று இங்கே ஒன்றாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பொறுக்க வேண்டும். அந்த 12 மில்லி நொடியில் 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசருக்கு மூன்றரைக் கோடித் துடிப்புகள் கடந்துபோகும். இலை போட்டு உட்கார்ந்தாயிற்று, பரிமாறுகிறவரைத்தான் காணோம்!

இந்தத் தொல்லையை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1978-ல் ஸ்டோரேஜ்டெக் நிறுவனம், சுற்றும் பாகமே இல்லாத ஒரு 'வட்டை' ஐ.பி.எம். பெருங்கணினிகளுக்காக விற்றது. 45 எம்.பி., விலை சுமார் 4 லட்சம் டாலர். உள்ளே இருந்தது வெறும் சில்லுகள், மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் வாங்கலாம், வீட்டுக்கு ஆகாது. மின்சாரம் இல்லாமலும் நினைவில் வைத்திருக்கும், அதே நேரம் மலிவாகவும் இருக்கும் சில்லு தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஃபுஜியோ மசுவோகா. 1971-ல் தோஷிபாவில் சேர்ந்த ஜப்பானியப் பொறியாளர்.

மின்னணுக்களைக் காப்பு அடுக்குக்குள் சிறை வைத்து அதையே நினைவாகப் பயன்படுத்தலாம் என்பதை பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் ஸீ இருவரும் 1967-லேயே காட்டியிருந்தார்கள். அதை வைத்து வந்த சில்லுகளில் அழிப்பதுதான் தலைவலி. ஒரு வகையை அழிக்கப் புற ஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். இன்னொரு வகையை மின்சாரத்தால் அழிக்கலாம், ஆனால் துளித்துளியாக. அதற்கான கூடுதல் உறுப்புகள் ஒவ்வொரு அறையிலும் இடத்தை அடைத்து விலையை ஏற்றின. மசுவோகாவின் யோசனை, கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும்: ஒவ்வொன்றாக அழிக்கும் வசதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பெரிய பகுதியையே ஒரே வீச்சில் அழித்துவிடலாமே! கேமரா ஃப்ளாஷ் அடித்ததுபோல் சட்டென்று அழிகிறதே என்று சக ஊழியர் ஷோஜி அரிஸுமி சொல்ல, பெயர் 'ஃப்ளாஷ்' ஆனது. 1984-ல் மசுவோகா இதை உலகுக்கு அறிவித்தார். 1987-ல் இன்னும் நெருக்கமாக அடுக்கக்கூடிய நாண்ட் வகையையும் அறிவித்தார். இன்றைய எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், செல்போன் எல்லாவற்றிலும் இருப்பது அந்த நாண்ட்தான்.

தோஷிபா அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1988-ல் ஃப்ளாஷை வணிகமாக்கி முந்திக்கொண்டது அமெரிக்க இன்டெல். மசுவோகா 1994-ல் தோஷிபாவை விட்டு தோஹோகு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். 2004-ல் தன் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு கேட்டு 100 கோடி யென்னுக்கு வழக்குத் தொடர்ந்தார். 2006-ல் சமரசம், கிடைத்தது 8 கோடியே 70 லட்சம் யென். அணு உலைத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்ட தோஷிபா 2018-ல் தன் நினைவகப் பிரிவை விற்றபோது அதன் விலை சுமார் 2 லட்சம் கோடி யென். கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரியும். கியோக்ஸியா என்ற பெயரில் இன்றிருப்பது அந்தப் பிரிவுதான்.

சில்லு வந்துவிட்டது, வட்டு வர வேண்டுமே? 1988-ல் எலி ஹராரி, ஜாக் யுவான், கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா மூவரும் அமெரிக்காவில் சன்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள் (பின்னால் சான்டிஸ்க் ஆனதும் அதுவே). 1991-ல் ஐ.பி.எம்.முக்கு ஃப்ளாஷ் எஸ்.எஸ்.டி. ஒன்றைக் கொடுத்தார்கள். 20 எம்.பி., சுமார் 1000 டாலர். எம்.பி.க்கு 50 டாலர் கொடுத்து யார் வாங்குவார்கள்? பிறகு பல ஆண்டுகள் ராணுவமும் விமானத் துறையும்தான் இந்த வட்டுகளின் வாடிக்கையாளர்கள்.

விலையை இறக்கியதில் கணினிக்காரர்களைவிடப் பாட்டுக் கேட்பவர்களுக்கே அதிகப் பங்கு. 2005-ல் ஆப்பிள் தன் ஐபாட் மினியை, அதற்குள் இருந்த குட்டி ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துக் கைவிட்டு, ஃப்ளாஷ் வைத்த நானோவைக் கொண்டுவந்தது. சில்லுகளுக்காக 125 கோடி டாலர் முன்பணமும் கொடுக்கத் தயாரானது. கேமரா அட்டைகளும் செல்போன்களும் சேர்ந்துகொள்ள, ஆலைகள் பெருகி விலை சரிந்தது. 2008 செப்டம்பரில் இன்டெல்லின் எக்ஸ்25-எம் வந்தது. 80 ஜி.பி., 595 டாலர். தாவும் நேரம் 12 மில்லி நொடியிலிருந்து 0.1 மில்லி நொடிக்கும் கீழே!

ஆனால் ஆரம்ப கால எஸ்.எஸ்.டி. எல்லாமே தங்கம் அல்ல. ஃப்ளாஷில் எழுதுவது சிறு பக்கங்களாக, அழிப்பது பெரிய தொகுதிகளாக. அழிக்காத இடத்தில் மறுபடி எழுத முடியாது. மசுவோகாவின் சிக்கனத்துக்குக் கொடுக்கும் விலை இது. மலிவான சில வட்டுகள் ஒரு சிறு ஃபைலை எழுதும்போதே அப்படியே உறைந்து நின்றன. நல்ல வட்டுகளும் நிரம்ப நிரம்ப மந்தமாகின. 2009 மார்ச்சில் ஆனந்த் லால் ஷிம்பி தன் ஆனந்த்டெக் தளத்தில் (14 வயதில் தொடங்கியது!) இதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எழுதினார். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 7, எந்த இடமெல்லாம் இனி தேவையில்லை என்று வட்டுக்கு முன்கூட்டியே சொல்லும் 'ட்ரிம்' ஆணையுடன் வந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு மருந்தாக இருந்த டிஃப்ராக் வேலையையும் எஸ்.எஸ்.டி.க்கு நிறுத்தியது.

எக்ஸ்.பி. வைத்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். எக்ஸ்.பி. தன் முதல் பிரிவை 63-வது செக்டாரில் தொடங்கும், அதாவது 31.5 கே.பி. தள்ளி. அது 4 கே.பி.யால் மீதியின்றி வகுபடாது. எனவே ஒரு பக்கம் எழுத வேண்டிய இடத்தில் வட்டு இரண்டு பக்கங்களைத் தொட வேண்டியிருந்தது. பழைய மதர்போர்டின் பயாஸில் ஐ.டி.ஈ. என்றிருப்பதை ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றினால் ஏற்கனவே நிறுவிய விண்டோஸ் நீலத் திரையோடு படுத்துவிடும். சாட்டா 2 இணைப்பின் உச்சம் நொடிக்கு 300 எம்.பி.தான் என்பது மட்டும் பலரும் பயந்த அளவுக்குப் பிரச்சினையே இல்லை. பழைய கணினிக்குத் தேவைப்பட்டது தாவும் வேகம், அது பழைய கம்பியிலும் முழுசாகக் கிடைத்தது.

2011-ல் தாய்லாந்து வெள்ளம் ஹார்ட் டிஸ்க் ஆலைகளை மூழ்கடித்து அவற்றின் விலையை ஏற்ற, எஸ்.எஸ்.டி. பக்கம் பார்வை திரும்பியது. அடுத்த பத்து ஆண்டுகளில் எத்தனையோ பள்ளிகள், சிறு கடைகள், வீடுகளில் குப்பைக்குப் போக வேண்டிய கணினிகள் ஒரே ஒரு வட்டால் மறு பிறவி எடுத்தன.

அவற்றை மறுபடி குப்பைக்கு அனுப்பப் பார்ப்பது வன்பொருள் அல்ல. 2021-ல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 சில்லும் இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசசரும் கேட்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நன்றாக ஓடும் கணினிக்கு மிஞ்சிய வழிகளில் லினக்ஸ் ஒன்று. வட்டு விஷயத்திலும் இன்னொரு செய்தி. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவைக்கு முன்னுரிமை கொடுத்து, சாதாரண மக்களுக்கு விற்றுவந்த தன் க்ரூசியல் வியாபாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பழைய கணினிக்காரர்கள் தேடி வாங்கிய எஸ்.எஸ்.டி.களில் க்ரூசியலும் ஒன்று. அறிவிப்பு வந்தபோது மைக்ரானின் தலைவராக இருந்தவர், 1991-ன் அந்த 20 எம்.பி. வட்டுக்குப் பின்னால் இருந்த அதே சஞ்சய் மெஹ்ரோத்ரா.