ஆபாசத்தை ஒழிப்பது எவ்வாறு?

ஆபாச எழுத்தும் படமும் பரவும் காலங்களிலெல்லாம் "தடை செய்க!" என்னும் குரலே முதலில் எழுகின்றது. நம் நாட்டில் இக்குரலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஆராயாது மீண்டும் தடையொன்றையே நாடுவது அறிவுடைமையாகாது.

ஆபாசப் பிரசுரங்களை ஒடுக்குவதற்கென 1923இல் ஜெனீவாவில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவாயிற்று. அதையொட்டி, 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. அதே ஆண்டில், இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வகுக்கும் 27ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமும் பிறந்தது. அதன்கீழ் ஆணுக்கு ஒரு கூலி; பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி! பெண்ணை இழிவாகச் சித்திரிக்கும் ஏடு குற்றம். பெண்ணின் உழைப்பை மலிவாக மதிப்பிடும் ஏடோ சட்டம். அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த நம் அன்னையர் ஆணுக்கு நிகரான நாட்கூலியைப் பெறுவதற்கு 1984ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்றியும், எது ஆபாசம் என்று தீர்ப்பளிப்பவர் யார்? சென்னை மாகாணத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையைச் சார்ந்த முத்துப்பழனி என்னும் பெண் கவிஞர் தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தை இயற்றினார். அதனைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பாடியதைச் சீர்திருத்தவாதிகளாலும் பொறுக்க முடியவில்லை. நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரியதா, ஆண் கவிஞருக்கு இல்லையா என்று நாகரத்தினம்மாள் வாதாடினார். எனினும் 1911இல் நூல் தடைக்குள்ளாயிற்று. 1947இலேதான் அத்தடை நீங்கியது. ஆபாசத்தின் மீது வீசப்பட்ட வலையில் ஒரு பெண்ணின் குரல் அகப்பட்டது.

ஆயின் தடை கோரியவர் அனைவரும் பிற்போக்காளர் என்று கூறிவிட இயலாது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர், தென்னிந்தியாவிலிருந்து வந்து குவிந்த தரங்கெட்ட ஏடுகளைக் கட்டுப்படுத்துமாறு வலியுறுத்தினர். 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் அந்த இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஈழத்து எழுத்து தழைத்தது என்பது உண்மை. வீரகேசரி நிறுவனம் நாவல்களை வெளியிட்டது; தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' மலையக மக்களின் வாழ்வை எழுத்திற் பதித்தது. 1977இன் பின்னர் இறக்குமதி தளர்ந்ததும் பழைய ஏடுகள் மீண்டும் கடைகளில் தொங்கின. தடை விலகியவுடன் நச்சு திரும்பியது. நிலைத்து நின்றதோ அக்காலத்தில் நாம் ஆக்கிய நல்லிலக்கியம். இந்த வேறுபாட்டிலேயே நமக்குரிய பாடம் இருக்கின்றது.

2009இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் ஆபாச இணையத்தளங்கள் பல முடக்கப்பட்டன. அதனால் அவை மறைந்துவிடவில்லை. இன்று லயத்துப் பையனின் கைத்தொலைபேசியே கடையும் வாசிகசாலையுமாக இருக்கின்றது. ஓர் அறையில் ஒரு குடும்பமே உறங்கி எழும் லயங்களிற் பெண்ணுக்கு உடைமாற்ற மறைவில்லை. வளரும் பிள்ளையின் ஐயங்களுக்கு விடைசொல்வாரும் இல்லை. பாடநூலில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் இருக்கின்றது. வகுப்பிலோ அது "வீட்டில் வாசியுங்கள்" என்ற சொல்லோடு புரட்டப்படுவதுண்டு. ஆசிரியர் மௌனம் காக்கும் இடத்தில் ஆபாசம் ஆசிரியராகின்றது. அது கற்பிப்பது யாது? பெண் ஒரு பண்டம். அவளுடைய விருப்பம் பொருட்டன்று என்பதே. பின்னர் ஒரு சிறுமியின் படம் கைக்குக் கை பரவும்போது, பரப்பியவனை விட்டுவிட்டு அவளையே பள்ளியிலிருந்து நிறுத்துகின்றது ஊர்!

சட்டமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. குழந்தைகளை ஆபாசத்திற்குப் பயன்படுத்துவதை 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் குற்றமாக்கியது. அதனை இம்மியும் தளர்த்தலாகாது. ஒருவரின் சம்மதமின்றி அவருடைய படத்தைப் பரப்புவதும் தண்டனைக்குரியதே. இங்கெல்லாம் சட்டம் காப்பது இன்னாரென்று சுட்டக்கூடிய ஒரு மனித உயிரை. "பொது ஒழுக்கம்" என்னும் மங்கலான பெயரால் தடைக்கோலை ஆட்சியாளரிடம் ஒப்படைத்தாலோ, அது நாளை நாகரத்தினம்மாள்களின் மீதே விழும்.

எஞ்சிய பணி நம்முடையது. உடலைப் பற்றிய பாடத்தை ஆணும் பெண்ணும் ஒருங்கிருக்கும் வகுப்பில் நாணமின்றி நடத்துவோம். சம்மதம் என்ற சொல்லின் பொருளை மாணவனுக்கு உணர்த்துவோம். தோட்டந்தோறும் வாசிகசாலையும் நல்ல நூலும் கேட்போம். கதவுள்ள அறையும் காணியுள்ள வீடும் கேட்டுப் போராடுவோருடன் அணிசேர்வோம். இருளைத் தடைசெய்யும் ஆணை எதுவும் இல்லை, விளக்கேற்றுவதே வழி.