திருட்டுத் தட்டும் தமிழ்ப் படமும்

திருட்டுப் படம் என்றதும் பலரும் இணையத்தைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த நோய் இணையத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் விசிடி பரவியதும், திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் படமே இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது. குடும்பத்தோடு போய் டிக்கெட் வாங்கும் செலவில் ஒரு பை நிறையத் தட்டுகள் வாங்கலாம் என்றால், யாருக்குத்தான் கை நீளாது?

அரசு 2000-இல் ஒளித்தட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தட்டுத் தயாரிக்க உரிமம் கட்டாயம். எந்த ஆலையில் உருவானது என்று காட்டும் குறியீடு ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். ஆலைகளுக்குக் கடிவாளம் விழுந்தது. ஆனால் கணினியும் காலித் தட்டும் இருந்தால் வீட்டறையே ஆலை ஆகிவிடும் காலம் அதற்குள் வந்துவிட்டது.

2007 மார்ச்சில் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடார் மோப்ப நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம் உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு உதவியாக அனுப்பியவை அவை. ஜொகூர் பாருவில் பெருந்தொகையான தட்டுகள் சிக்கியதும், இந்த நாய்களைத் தீர்த்துக்கட்டக் கும்பல்கள் பரிசுத்தொகை அறிவித்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின! நாய்க்குத் தெரிந்ததெல்லாம் தட்டு செய்யப் பயன்படும் பாலிகார்பனேட்டின் வாசனை. அசல் எது, திருட்டு எது என்று அதற்குத் தெரியாது. இணையத்துக்கோ வாசனையே கிடையாது.

2016-இல் வந்த ‘கபாலி’ மலேசியாவையே கதைக்களமாகக் கொண்ட ரஜினி படம். இணையத் தளங்களை முடக்கத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார். அப்படியும் படம் வெளிவருவதற்கு முன்பே காட்சிகள் கசிந்தன. ஆனாலும் அந்தப் படம் தாங்கிக்கொண்டது. சென்னையில் போனது துபாயில் வரும், டொராண்டோவில் வரும்.

இங்கே எடுக்கப்படும் தமிழ்ப் படத்துக்கு அந்த வசதி இல்லை. இந்தியர்கள் நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். அதிலும் தமிழ்ப் படத்துக்குத் திரையரங்கு போவோர் ஒரு பகுதியே. தோட்டத்துக் குடும்பத்தின் கதையைச் சொன்ன ‘செம்மண் சாலை’ (2005), மலேசியத் திரைப்பட விழாவில் 2016-இல் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்ற ‘ஜகாட்’ போன்றவற்றுக்கு இதுதான் முதல் சந்தை. பெரும்பாலும் கடைசிச் சந்தையும் இதுதான். சில நூறு பேர் திருட்டுப் பிரதியில் பார்த்தாலே, அந்த இயக்குநரின் அடுத்த படத்துக்கு முதல் போட ஆள் வரமாட்டார்.

பார்க்கிறவர் பக்கமும் நியாயம் இருந்தது. சிற்றூர்களில் தமிழ்ப் படம் ஓடும் அரங்கு எங்கே? 2011-இல் வந்த அஸ்ட்ரோ ஃபர்ஸ்ட், புதிய உள்நாட்டுப் படத்தை வீட்டிலேயே கட்டணம் செலுத்திப் பார்க்க வழி செய்தது. 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தமோ, திருட்டு ஒளிபரப்புக்கான பெட்டியையும் செயலியையும் விற்பவருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது. பெட்டியை வாங்கி வரவேற்பறையில் வைத்திருப்பவரை அது குறிவைக்கவில்லை.