ஒரு பெயருக்குள் இரு நோய்கள்: இரத்தநாளக் கட்டி பற்றிய அறிவு வளர்ந்த விதம்

தம்புள்ளையில் ஒரு வீட்டில், பிறந்து மூன்று வாரமான குழந்தையின் கன்னத்தில் சிவப்புப் புள்ளியொன்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் அதை மச்சம் என்பார்கள். தாய் கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததை நினைவுபடுத்துவோரும் உண்டு. அதே ஊரில் வயிற்று வலிக்கு ஸ்கான் எடுத்த நாற்பது வயதுக்காரரின் அறிக்கையில், ஈரலில் 'ஹீமஞ்சியோமா' என்று எழுதியிருக்கிறது. குழந்தையின் கன்னத்துப் புள்ளிக்கும் வைத்தியர் சொல்வது அதே பெயர்தான். ஆனால் நோய் வேறு. இதை மருத்துவ உலகம் தெளிந்துகொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் குழந்தைகள் பட்ட பாடு பெரிது.

ஜேர்மனிய நோயியலாளர் ருடோல்ப் விர்ச்சோ 1863இல் இரத்தநாளக் கட்டிகளை நுண்காட்டியில் தெரிந்த வடிவைக் கொண்டு வகுத்தார். வளருமா, தானாக வற்றுமா என்ற கேள்வி அந்த வகைப்பாட்டில் இல்லை. கட்டி என்றானதும் அழிப்பதே வைத்தியமாயிற்று: வெட்டினார்கள், சுட்டார்கள், ரேடியம் வைத்தார்கள். 1938இல் லிஸ்டர் என்ற வைத்தியர், 77 குழந்தைகளின் 93 சிவப்புக் கட்டிகளைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து, அவை முதலில் வளர்ந்து பிறகு தாமாகவே மங்குவதை 'லான்செட்' இதழில் காட்டினார். ஆனாலும் ஸ்டொக்ஹோமில் 1920இல் தொடங்கிய கதிர்ச் சிகிச்சை 1959 வரை நடந்தது. லிஸ்டர் எழுதிய பின்னும் 21 ஆண்டுகள்! ஒன்றரை வயதுக்குள் அப்படிக் கதிர்பட்ட 3,094 சுவீடன் ஆண்களைப் பற்றிய ஆய்வு 2004இல் வந்தது. மூளையில் கதிர் படாதவர்களில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தார்கள். அதிகம் பட்டவர்களில் 17 சதவீதத்தினரே. பெரும்பாலும் தானே வற்றிப்போகும் ஒன்றுக்காக நேர்ந்தது இது. இந்த எண்களைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர்கள் பொஸ்டனைச் சேர்ந்த ஜோன் மல்லிகனும் ஜூலி குளோவாக்கியும். 1982இல் அவர்கள் வடிவத்தை விட்டு, நாளத்தின் உட்சுவர்க் கலங்களைப் பார்த்தார்கள். கலங்கள் பெருகி வளர்ந்து பின் வற்றுவது ஒருவகை. பிறவியிலேயே பிழையாக அமைந்து, வற்றாமல் உடலோடு வளரும் நாளங்கள் மற்றொரு வகை. குழந்தையின் கட்டிக்கே உரிய குளுட்-1 என்ற புரத அடையாளம் 2000இல் கண்டறியப்பட்டதும் ஐயம் பெருமளவு தீர்ந்தது. பெரியவர்களின் ஈரலில் காணும் 'ஹீமஞ்சியோமா' பெரும்பாலும் இரண்டாம் வகையின் பக்கமே சேரும். அது புற்றுநோயன்று; தொல்லை தராவிட்டால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பழைய பெயர் மட்டும் அறிக்கைகளில் ஒட்டிக்கொண்டு ஆட்களைக் கலங்கடிக்கிறது.

குழந்தைக்கான மருந்து தற்செயலாகக் கிடைத்தது. பிரான்சின் போர்தோ நகரில், மூக்கில் கட்டியிருந்த குழந்தைக்கு ஸ்டெரொயிட் கொடுத்ததில் இதயத்தசை தடித்தது. இதயத்துக்கென்று புரோப்ரனலோல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாகி, தொட்டால் மெத்தென்றிருந்தது. கிறிஸ்டீன் லியோட்டே-லப்ரேஸும் சகாக்களும் 2008இல் இதை வெளியிட்டார்கள். 2015இல் வந்த 460 குழந்தைகளின் ஆய்வில், ஆறு மாதம் மருந்து பெற்றவர்களில் 60 சதவீதத்தினருக்குக் கட்டி முற்றாகவோ ஏறத்தாழ முற்றாகவோ மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்கே. பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும், குழந்தை பால் குடிக்காத நாளில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும்.

நூற்றுக்கு நான்கைந்து குழந்தைகளுக்கு வரும் இந்தக் கட்டி, ஐந்தரை வாரத்துக்கும் ஏழரை வாரத்துக்கும் இடையில்தான் மிக வேகமாக வளர்கிறது என்பது 2012இல் தெரியவந்தது. இலங்கையின் தடுப்பூசிக் கணக்கோடு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டாம் மாத ஊசிக்குப் போகும்போது காட்டலாம் என்று தாய் தள்ளிவைத்தால், அந்த இரண்டு வாரமும் போய்விட்டிருக்கும். குடும்பநல உத்தியோகத்தரோ அதற்கு முன்பே வீடு தேடி வருகிறார். கண்ணோரம், மூக்கு நுனி, உதடு, தாடைப் பகுதி ஆகிய இடங்களில் புள்ளி இருந்தாலும், உடலில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தாலும், முதல் மாதத்திலேயே குழந்தை நல வைத்திய நிபுணரிடம் அனுப்பச் சொல்ல அவரால் முடியும். அதற்கு அவர் குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தால் போதும்.