அருவி வழிகாட்டிகளின் மனநலமும் பருவநிலை மாற்றமும்

ஆலங்குளம், தென்காசி வட்டாரங்களிலிருந்து குற்றாலத்திற்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கு மலைச்சூழல் மன அழுத்தத்தைத் தணிக்க உதவுகிறது. அச்சூழல் மாறும்பொழுது அவர்களே முதலில் பாதிக்கப்படுகின்றனர்.

பாதிப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

குற்றாலப் பருவம் வழக்கமாக ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும். சாரல் பொய்த்தால் வருமானம் குறைகிறது. வெள்ளம் பெருகினால் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. 2024 மே 17 அன்று, பருவம் தொடங்குமுன்னரே, பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இத்தகைய நிகழ்வுகளை நேரில் காண்போருக்கு அச்சமும் குற்றவுணர்வும் தோன்றலாம்.

வாழுமிடத்தின் இயற்கை சிதைவதால் உண்டாகும் துயரத்தை ஆஸ்திரேலிய மெய்யியலாளர் கிளென் ஆல்பிரெக்ட் 'சொலாஸ்டால்ஜியா' என்று அழைத்தார். இது தனியொரு நோயன்று, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• உறக்கமின்மை, எரிச்சல்
• பணிக்குச் செல்ல அச்சம்
• மதுப்பழக்கம் அதிகரித்தல்

செய்ய வேண்டியவை

• தடை நாள்களில் பயணிகளின் வற்புறுத்தலுக்கு இணங்காதீர்கள்.
• பணியில்லாத நாள்களிலும் மரநிழலில் சிறிது நேரம் நடந்து வாருங்கள்.
• மன வருத்தத்தைச் சக வழிகாட்டிகளுடனும் குடும்பத்தினருடனும் பகிருங்கள்.
• அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை நாடுங்கள்.

டெலி மானஸ் இலவச மனநல ஆலோசனை (24 மணி நேரமும்): 14416